மூக்கில் ஓர் ஈர்க்கு

போன வருடம் ஜூலையில் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. “மேடம், நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து பிரின்சிபாலைப் பார்க்க முடியுமா? ஒரு டிசிப்ளின் விஷயம்.” அவள் ஒன்பதாம் வகுப்பு. அதுவரை அவளைப் பற்றிப் பள்ளியிலிருந்து வந்த புகாரெல்லாம் கணக்கு நோட்டில் ஓரக்கோடு போடவில்லை என்கிற அளவில்தான் இருந்தது. சாயங்காலம் அவள் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் பையைத் திறந்து, அட்லஸுக்கு நடுவில் மடித்து வைத்திருந்த ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள்.

முதல்வருக்கு எழுதிய கடிதம் அது. கோடு போட்ட தாளில், வகுப்பிலேயே கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளையை எழுதச் சொல்லியிருப்பார்கள் போல, அச்சு மாதிரி இருந்தது. கேட்டிருந்தது இரண்டே விஷயம். முடி, உடை, நகை சோதனையை அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டாம். ஒரு பொருளைக் கழற்றச் சொன்னால், ஏன் கழற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கீழே 23 கையெழுத்துகள், ஒன்றன்கீழ் ஒன்றாக இல்லாமல் வட்டமாக, கோலப்புள்ளியைச் சுற்றி இழுத்த மாதிரி. “ஏன் இப்படி?” என்றேன். “யாரு முதல்ல போட்டதுன்னு தெரியக் கூடாதும்மா” என்றாள்.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தையை இன்னும் நினைத்து வருந்துகிறேன். “உனக்கு எதுக்கு இந்த வேலை? படிக்கிறதைப் பாரு.”

நடந்தது இதுதான். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை, சிவகங்கைப் பக்கம் பூர்வீகம். மே மாத விடுமுறையில் குலதெய்வம் கோயிலில் வைத்து, அப்பத்தா முன்நின்று, அந்தப் பிள்ளைக்கு மூக்குக் குத்தியிருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு அடுத்த கோயில் கும்பிடுக்குள் குத்திவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஜூனில் பள்ளி திறந்த அன்றே மூக்குத்தியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். புதிதாகக் குத்திய துளையில் ஒன்றும் இல்லாவிட்டால் சில நாளில் தூர்ந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அப்பத்தா, தென்னை ஈர்க்கை அரை அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கி, தேங்காய் எண்ணெய் தொட்டு, துளையில் செருகி அனுப்பியிருக்கிறார். நானும் காது குத்திய புதிதில் வேப்பங்குச்சி வைத்திருந்தவள்தான். தள்ளி நின்று பார்த்தால் மச்சம் போலத்தான் தெரியும். மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. நான்காவது திங்கட்கிழமை அசெம்பிளியில், முடி வெட்டாமல் வந்த இரண்டு பையன்களோடு சேர்த்து அவளையும் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அங்கேயே அதைப் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கினாள். ஆறாத புண், கொஞ்சம் ரத்தம் வந்தது. வெள்ளைச் சட்டையின் காலரில் கடுகளவு பட்டதாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளில்தான் கடிதம் எழுதப்பட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளியின் மேல் கோபம், மகளின் மேல் கோபம், இரண்டும் இருந்தன. ஆனால் தூங்கவிடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. முப்பது வருடத்துக்கு முந்தைய ஓர் ஐப்பசி மாதம்.

கலர் டிரஸ்

என் அம்மா தையல் வேலை செய்தவர். மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க எங்கள் வீட்டில் மிஷின் நிற்காது. கருநீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, பெரிய வகுப்புக்குத் தாவணி. பாவாடையின் அடியில் மூன்று விரற்கடை உள்மடிப்பு வைத்துத் தைப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுக்காமல் கருக்கலாகத் தெரியும். யார் வீட்டில் இரண்டாம் வருடமும் அதே பாவாடை என்பது அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சீருடை போட்டால் ஏழை பணக்காரன் தெரியாது என்று சொல்வார்கள். காமராஜர் காலத்தில் பள்ளிகளில் சீருடை பரவியபோது சொல்லப்பட்ட காரணமும் அதுதான், அந்தக் காரணத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். இப்போது சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுக்கு 4 செட் கொடுக்கிறது. நாங்கள் படித்தபோது பலருக்கு ஒரு செட்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒரு செட்தான், அதைத் தைத்தது என் அம்மா. நான்கு நாள் அடைமழை. துணி காயவில்லை. அவள் பச்சையில் பூப்போட்ட பாவாடை சட்டையில் வந்தாள். கலர் டிரஸ்ஸில் வந்தால் பிறந்தநாள் சாக்லேட் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக நிற்க வேண்டும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், ஈர மணலில், முதல் பீரியட் முடியும் வரை நின்றாள். டீச்சர் வகுப்பில் வந்து, “அவளுக்கு என்னாச்சு, யாருக்காவது தெரியுமா?” என்று கேட்கவும் செய்தார். எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரே பாவாடை என்பதும், அது எங்கள் வீட்டு மிஷினில் தைத்தது என்பதும், அதன் உள்மடிப்பு எத்தனை விரற்கடை என்பதும் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் என்னையும் வெளியே நிறுத்துவார்கள் என்ற பயம்கூட இல்லை. விதியை மீறியவள் அவள், இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு அப்படி நினைக்கத் தெரிந்திருந்தது என்பதுதான் இப்போது எனக்கு வலிக்கிறது.

என் மகளும் அவள் தோழிகளும் செய்தது, நான் அன்று செய்யாததை. அதைத்தான் “உனக்கு எதுக்கு இந்த வேலை” என்று கேட்டிருக்கிறேன்.

“தோடு எல்லாரும் போடுறதுதானே”

மறுநாள் பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசினார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் பெயர் தெரியும், யார் வீட்டில் அப்பா வெளிநாட்டில், யார் வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரியும். டைரியை எடுத்து விரித்து வைத்தார். ‘நகைகள் அணியக் கூடாது. மாணவிகள் காதில் சிறிய தோடு மட்டும் அணியலாம்.’ கீழே பெற்றோர் கையெழுத்து. என் கையெழுத்து. படிக்காமலேதான் போட்டிருந்தேன்.

“ஒருத்திக்கு விட்டா நாளைக்கு ஒருத்தன் கடுக்கன் போட்டு வருவான் மேடம். ஒருத்தன் முடிக்குக் கலர் அடிச்சிட்டு வருவான். அப்புறம் கையில கலர் கலராக் கயிறு கட்டிட்டு வருவாங்க. எல்லாரும் சமம்னு நாங்க எப்படிச் சொல்றது?” என்றார். கயிறு என்ற சொல் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. எனக்கு உடனே பதில் வரவில்லை.

என் பக்கத்தில் நின்றிருந்த மகள் கேட்டாள். “சார், தோடு மட்டும் ஏன் போடலாம்?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “தோடு எல்லாரும் போடுறதுதானே” என்றார்.

“பசங்க போடலையே சார்.”

குரலில் எகத்தாளம் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். அவர் டைரியை மறுபடி பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த வரி என் கண்முன்னே வேறு வரியாக மாறியது. நகை கூடாது என்பது விதி, தோடு விலக்கு. அந்த விலக்கை எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் பெண் என்றால் தோடு இருக்கும், அது நகையாகவே கண்ணில் பட்டிருக்காது. மூக்குத்தி கண்ணில் பட்டது. விதியை எழுதியவருக்குப் பழகியது எல்லாம் சாதாரணம், பழகாதது எல்லாம் ஒழுங்கீனம். இத்தனை வருடமாகப் பொது விதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, யாரோ ஒருவர் வீட்டு வழக்கம்.

அவர் “பார்க்கலாம்மா” என்று சொல்லி எங்களை அனுப்பி வைத்தார்.

டர்பனில் ஒரு மூக்குத்தி

வீட்டுக்கு வந்த பிறகுதான், 2022இல் கர்நாடக ஹிஜாப் வழக்கு நடந்தபோது செய்திகளில் அடிபட்ட ஒரு தென்னாப்பிரிக்க வழக்கு நினைவுக்கு வந்தது. வழக்குப் போட்ட குடும்பத்தின் பெயரை வைத்து அதை ‘பிள்ளை (Pillay) வழக்கு’ என்பார்கள். தீர்ப்பைத் தேடி எடுத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் பள்ளி டைரியைப் பார்த்து எழுதிய மாதிரியே இருந்தது.

1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் சனம் அங்கே போனது. அவர்களோடு மாரியம்மனும் போனாள், மூக்குத்தியும் போனது. கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் கழித்து, 2004இல், டர்பன் பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் படித்த ஒரு தமிழ் வம்சாவளி மாணவி, விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். அங்கும் விதியில் நகை கூடாது, காதில் ஒரு சாதாரணத் தோடு போடலாம். அங்கும் பெற்றோர் விதிக்குக் கையெழுத்திட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா பள்ளிக்குச் சொன்ன காரணம், சிவகங்கை அப்பத்தா சொல்லியிருக்கக்கூடிய அதே காரணம்: பெண் பருவம் அடைந்ததும் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி வைர மூக்குத்தி போட்டுவிடுவார், இது ஃபேஷன் அல்ல. பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. டர்பன் சமத்துவ நீதிமன்றத்தில் அம்மா தோற்றார். உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். பள்ளியும் மாகாணக் கல்வித் துறையும் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். 2007 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளிப்படிப்பையே முடித்திருந்தாள். முடிந்துபோன விஷயம் என்று மூடாமல் நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது, இனி வரும் பிள்ளைகளுக்காக.

தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய அந்தத் தீர்ப்பில் நான் அடிக்கோடிட்ட இடங்கள் பல. பார்வைக்கு நடுநிலையாகத் தெரிகிற விதி நடுநிலை அல்ல, காதில் துளையிட்டுப் போடும் தோட்டை ஏற்றுக்கொண்டு மூக்கில் துளையிட்டுப் போடும் மூக்குத்தியை விலக்குவது, ஏற்கெனவே செல்வாக்கோடு இருக்கும் பழக்கத்துக்குச் சாய்வது என்கிறார். என் மகள் ஐந்து சொல்லில் கேட்டதும் இதுதான். அந்தப் பெண் இரண்டு வருடத்துக்கும் மேலாக மூக்குத்தியோடு பள்ளிக்கு வந்தாள், அதனால் ஒழுங்கோ படிப்போ கெட்டதற்கு ஒரு சான்றும் இல்லை என்கிறார். பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்குப் போகட்டும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஒன்றை விட்டால் நாளை பச்சை குத்தலும் சடை முடியும் வரும் என்று பள்ளி சொன்ன பயத்துக்கு அவர் சொன்ன பதில்: இதுவரை தங்கள் வழக்கத்தை வெளிக்காட்ட அஞ்சியிருந்த பிள்ளைகள் இனி அஞ்சாமல் வந்தால் அது கொண்டாட வேண்டியது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது, அது மதத்தில் கட்டாயமா இல்லையா என்பதை அவர் முடிவான கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது. கட்டாயம் இல்லாமல் ஒருத்தி தானாக விரும்பி ஏற்றுக்கொண்ட வழக்கத்துக்கும் மதிப்பு உண்டு என்கிறார். நம் ஊரில் ஹிஜாப் வழக்கு இதற்கு நேர் எதிரான வாசலில் போய் முட்டியது. பெங்களூருவில் இந்த மூக்குத்தித் தீர்ப்பை வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் அல்ல என்று சொல்லி மாணவிகளின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி சுதான்சு துலியா, பள்ளி வாசலில் ஒரு மாணவியிடம் அதைக் கழற்றச் சொல்வது அவளுடைய அந்தரங்கத்தின் மீதும் கண்ணியத்தின் மீதும் கை வைப்பது என்று எழுதினார். வாசலில் நடப்பதைப் பார்க்கிறார் அவர், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு விதி சரியா தவறா என்று பெரியவர்கள் வருடக்கணக்கில் வாதாடலாம். அது ஒரு பிள்ளையின் உடம்பில் வந்து இறங்குவது வாசலில்தான், அசெம்பிளியில்தான், எல்லோரும் பார்க்கும்போதுதான்.

கயிறு

பிரின்சிபால் சொன்ன கயிறுக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன். தென்மாவட்டப் பள்ளிகளில் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாய் மணிக்கட்டில் ஏறும் சாதிக் கயிறு என்ன சொல்கிறது என்பது இதைப் படிக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை வேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அப்படியென்றால் மூக்குத்திக்கு மட்டும் எப்படி வாதாடுவது?

பல நாள் இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். என்னால் வந்து நிற்க முடிந்த இடம் இது: அந்தப் பொருள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். கயிறு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, நீ எங்களவன் இல்லை என்கிறது. அதற்கு ரத்த சாட்சி இருக்கிறது. ஏன் அவிழ்க்க வேண்டும் என்று ஒரு பத்து வயதுப் பையனிடம் உட்கார்ந்து சொல்ல முடியும், அவனுக்குப் புரியும். ஒரு கல் மூக்குத்தி போட்ட பிள்ளையிடம் அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. இதிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. எந்தப் பக்கம் குத்துவது, ஒன்றா இரண்டா, பேசரியின் அளவென்ன என்று பார்த்தே யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிடும் ஊர்கள் நம்மிடம் இருந்தன. மூக்குத்திக்குச் சாதியே கிடையாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரு பள்ளியில் அது அப்படி ஆகிறது என்று யாராவது காட்டினால் அன்றைக்கு என் மகளிடமும் அந்தக் காரணத்தைச் சொல்லுவேன். காட்ட வேண்டியது கழற்றச் சொல்கிறவர்கள்.

எந்தக் காரணம் இருந்தாலும் அசெம்பிளியில் வைத்துப் பிடுங்கச் சொல்வதற்குக் காரணம் ஆகாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, பிள்ளையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடுக்கிறது. கயிற்றைக்கூட தனியே கூப்பிட்டு உட்கார வைத்து, சொல்லி அவிழ்க்கலாம். அப்படிச் சொன்னால்தான் மறுநாள் அவன் பைக்குள் வைத்துக் கொண்டுவர மாட்டான்.

பிறகு

ஆகஸ்டில் அசெம்பிளி சோதனை நின்றது. அறிவிப்பு எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை நடக்கவில்லை, அடுத்த திங்களும் நடக்கவில்லை, பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். இப்போது வகுப்பாசிரியை வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டுச் சொல்கிறார். கடிதத்தின் முதல் கோரிக்கை அப்படி நிறைவேறியது. யார் முதலில் கையெழுத்துப் போட்டது என்று பள்ளியில் யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூக்குத்தி பற்றி முடிவு வரவில்லை. சிவகங்கைப் பிள்ளையின் துளை தூர்ந்துவிட்டது. அவளை ஒருமுறை எங்கள் வீட்டில் பார்த்தேன். இடது மூக்கில் எள்ளளவு தடம். “ப்ளஸ் டூ முடிச்சதும் அப்பத்தா மறுபடி குத்திவிடுறேன்னு சொல்லியிருக்கு ஆன்ட்டி, ஆனா அதே இடத்துல குத்தினா வலிக்குமாம்” என்றாள்.

இந்த ஜூனில் புது டைரி வந்தது. விதிகள் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி மகள் பேனாவோடு நீட்டினாள். உட்காரச் சொல்லி, இரண்டு பேருமாக முதல் விதியிலிருந்து வாசித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று அவள் கேட்க, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஷூ, சரி. விளையாட்டு பீரியடில் முடியைக் கட்டுவது, சரி. கையில் விலையுயர்ந்த கடிகாரம் கூடாது, மிகவும் சரி. பெண்கள் கட்டாயம் இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும் என்பதில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு நகை விதி. போன வருடம் இருந்த அதே வரி, ஓர் எழுத்து மாறவில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில் ‘காரணம் தெரிவிக்கவும்’ என்று எழுதி, அதன்கீழ் கையெழுத்துப் போட்டேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, மற்ற அம்மாக்களும் இதே மாதிரி எழுதுவார்களா என்று கேட்டாள். ஃபோனை எடுத்து சிவகங்கைப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டேன்.